உத்திரமேரூர் என்று எழுதிக் காட்டு! (வரைகலை லைப்ரரிகள் – ஓர் ஒப்பீடு)

கணிப்பொறியியல் துறை, மூன்றாம் ஆண்டு

மாணவர் பேரவை மலருக்கு எல்லோரும் கவிதை கொடுக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. இந்த வருஷம் நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதித் தருகிறேன். அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்ற நம்பிக்கை.

நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் படம் வரைந்தது டர்போ சி-யில்தான். 'இனிட்கிராஃப்' என்று எழுதி, 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட கருப்புத் திரையில் 16 நிறத்துக்குள் ஒரு வட்டம் போட்டதும் உலகத்தையே வென்றுவிட்ட மாதிரி இருக்கும். அது 1980-களின் பிற்பகுதியில் போர்லாந்து நிறுவனம் கொடுத்த கிராபிக்ஸ் லைப்ரரி. இன்றைக்கு அதை வைத்து லேப் தேர்வு எழுதலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட்டுக்கு எந்த லைப்ரரி எடுப்பது என்று சீனியர்களைக் கேட்டேன். ஒருவர் ஓபன்ஜிஎல் என்றார், ஒருவர் எஸ்டிஎல் என்றார், இன்னொரு அண்ணா ஸ்கியா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எல்லாமே திறந்த மூலம். காசு கிடையாது, உள்ளே இருக்கும் நிரலைத் திறந்தும் பார்க்கலாம். அப்படியானால் எது நல்லது?

வழக்கமாக இதை வேகத்தை வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு நொடிக்கு எத்தனை முக்கோணம் வரைகிறது, எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறது என்று. எனக்கு அது தேவைப்படவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மாவும் ஆயாவும் ஒரே மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். மொத்தம் 14 பேர். மாதச் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரு நீள நோட்டில். ஒவ்வொரு கூட்டத்திலும் நோட்டு கைமாறும், கணக்கு சண்டையில் முடியும். "நீ கம்ப்யூட்டர்தான படிக்கிற, ஆளுக்கு ஒரு சீட்டு அடிச்சிக் குடு" என்று அம்மா சொன்னார். பேர், இந்த மாதம் கட்டியது, மொத்தச் சேமிப்பு, கடன் பாக்கி, அவ்வளவுதான். சி-யில் எழுதினேன். சீட்டைப் படமாக வரைந்து, ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக் கொடுத்தேன்.

ஆயா 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். நம்மைப் போல வார்த்தையை மொத்தமாகப் பார்த்துப் படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். சீட்டை வாங்கினார், விரலை வைத்தார், நின்றுவிட்டார். "இன்னாடி இது, யார் பேரு?" என்றார். "உன் பேருதான் ஆயா" என்றேன். "என் பேருல கோ இருக்குது. இதுல கோ எங்க?" க தனியாக நின்றது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால் அநாதையாகக் கிடந்தன. பக்கத்தில் இருந்த பெரியம்மாக்கள் "ஏதோ ஒண்ணு, துட்டு சரியா இருந்தா போதும், கையெழுத்துப் போடு" என்றார்கள். ஆயா போடவில்லை. "படிக்க முடியாத தாள்ல கையெழுத்து போடக்கூடாதுன்னுதான் அறிவொளியில முதல் பாடமே சொன்னாங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழுவே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இது பார்வைக்கு அசிங்கம் என்ற அளவோடு நிற்கிற பிரச்சினை இல்லை. கொம்பு தன் எழுத்தைத் தாண்டிப் போனால் அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சேகர் என்பவர் சகேர் ஆகிவிடுவார், தேவகி தவேகி ஆகிவிடுவார். படித்தவர் யூகித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது வேறொரு ஆளின் பெயர். அது கடன் சீட்டாகவும் இருந்துவிட்டால்?

ஆகவே என் சோதனை ஒன்றே ஒன்று. எந்த லைப்ரரியாக இருந்தாலும் சரி, எங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டு.

உத்திரமேரூர் என்ற பெயரில் எத்தனை எழுத்து? உ, த், தி, ர, மே, ரூ, ர். ஏழு. கணிப்பொறியைக் கேட்டால் பன்னிரண்டு என்கிறது. யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிர், அகரமேறிய மெய், புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகள், இவற்றுக்குத்தான் எண். நம் ஊர்ப் பெயர் உள்ளே இப்படித்தான் இருக்கிறது: 2953, 2980, 3021, 2980, 3007, 2992, 2990, 3015, 2992, 3010, 2992, 3021. 3021 என்பது புள்ளி. 2990 ம, 3015 இரட்டைக் கொம்பு. சி-யில் 'ஸ்டிரிங் லெங்த்' கேட்டால் 36 என்று வரும். யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால்.

இதில் ம முதலில், கொம்பு பிறகு என்பதைக் கவனியுங்கள். காதில் கேட்கிற வரிசை அது. கை எழுதுகிற வரிசை அதற்கு நேர் எதிர். கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ம போடுகிறோம். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்ததே. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த விதிகள் அவை. அந்தக் கல்லை வெட்டியவர் கொம்பை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை, அவர் கைக்கே தெரியும். (அக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி வைப்பது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். இரட்டைச் சுழியிட்டுப் பிரித்துக் காட்டியவர் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்பார்கள்.) கணிப்பொறிக்குக் கை கிடையாது. அந்தக் கைவேலையை யாராவது ஒருவர் நிரலாக எழுதி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு லைப்ரரியிலும் நான் தேடியது அதைத்தான்.

ஓபன்ஜிஎல்லில் தேடுவது வீண். 1992-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அது உண்மையில் லைப்ரரியே அல்ல, ஒரு விதித்தொகுப்பு. அதைத் திறந்த மூலமாகச் செய்து காட்டியது மேசா. பிரையன் பால் என்பவர் 1993-ல் ஆரம்பித்தது. புள்ளி, கோடு, முக்கோணம் வரையும், எழுத்து என்ற பேச்சே அதில் இல்லை. மற்ற பல லைப்ரரிகள் இதன் தோளில் ஏறி நிற்பவைதான். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியிலும் மேசா சிபியு-வை வைத்தே வரைந்துவிடும் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம்.

நான் முதலில் எடுத்தது ரேலிப். ரமோன் சாந்தமாரியா என்ற ஆசிரியர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக 2013-ல் தொடங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், டர்போ சி தெரிந்த யாரும் ஒரே மதியத்தில் பழகிவிடலாம். பத்து வரியில் ஜன்னல் திறந்து பந்து ஓடும். என் பழைய மடிக்கணினி (பக்கத்துத் தெரு அண்ணன் பிளஸ் டூ-வில் வாங்கிய இலவச லேப்டாப், 2 ஜிபி நினைவகம்) ஓபன்ஜிஎல் 3.3-ஐத் தாங்கவில்லை. ரேலிப்பைப் பழைய 2.1-க்கு மாற்றிக் கட்டினேன், ஓடியது. ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். பன்னிரண்டு கேள்விக்குறி வந்தது! எந்தெந்த எழுத்து வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது ஆங்கிலத்துக்கான 95 எழுத்தை மட்டும்தான் ஏற்றும். தமிழின் 128 எண்களையும் கொடுத்து ஏற்றிய பிறகு எழுத்து வந்தது. ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனது. கொம்பு ம-வைத் தாண்டி ர-வுக்கு முன்னால் போய் நின்று, 'உத்திரமரே' என்று ஆகிவிட்டது. ஆயா கையில் போன சீட்டு இதில் செய்ததுதான். நான் திரையில் எண்களை மட்டும் சரிபார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது. ரேலிப் எங்குமே இந்திய மொழிகளைச் சேர்த்து எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். கொம்போ சங்கிலிக் கொம்போ வந்தால் அதை முந்தின எழுத்தோடு இடம் மாற்று. ஓகாரக் குறி (3019) வந்தால் அதைக் கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்து முன்னும் பின்னும் வை. இரண்டு இரவில் முடிந்தது. 'கோ' வந்தது, 'மே' வந்தது. குதித்தேன். பிறகு பார்த்தால் 'ரூ' வரவில்லை. ர-வுக்குப் பக்கத்தில் ஊகாரக் குறி தனியாக ஒட்டாமல் நிற்கிறது.

இங்கேதான் எனக்கு விஷயமே புரிந்தது. கு, சு, டு, மு, ரு என்று எழுதிப் பாருங்கள். உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு மாதிரி சேர்கிறது. 18 மெய்க்கு உகரம், ஊகாரம் என்று 36 வடிவம். இவற்றில் ஒன்றுக்கும் யூனிகோடு எண் கிடையாது! எண் இல்லாததை நான் எப்படிக் கேட்டு வாங்குவது? அந்த வடிவங்கள் எழுத்துருக் கோப்புக்குள் ஒரு உள் வரிசை எண்ணோடு ஒளிந்திருக்கின்றன. 'ர-வும் ஊகாரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்த வடிவத்தைப் போடு' என்று ஜிசப் என்ற அட்டவணை அதே கோப்பில் இருக்கிறது. அந்த வரிசை எண் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். லோஹித் தமிழில் ஒன்று, நோட்டோ சான்ஸ் தமிழில் வேறு. என் இடமாற்று வித்தை அங்கே செத்துப்போனது.

(எழுத்துக்கு ஒரு எண் என்று 247-க்கும் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் முயற்சி நடந்திருக்கிறது. டேஸ்16 என்ற அத்தகைய குறியீட்டை 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்தது. ஆனால் கைபேசி, இணையம் எல்லாம் யூனிகோடில் ஓடிக்கொண்டிருக்க, என் ஆயா சீட்டு மட்டும் வேறு வழியில் போக முடியாது.)

அட்டவணையைப் படிப்பது யார் என்று தேடினேன். ஃப்ரீடைப் என்பார்கள், 1996-ல் டேவிட் டர்னர் தொடங்கியது. வடிவத்தின் வரிசை எண்ணைக் கொடுத்தால் அதன் வளைவுகளை அழகாகப் புள்ளிகளாக்கித் தரும். எந்த வடிவம் என்பதை அது தீர்மானிக்காது. தீர்மானிப்பது ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த. முக்கியமாக உழைத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். இது ஒரு கோடுகூட வரையாது. எண்களையும் எழுத்துருவையும் வாங்கிக்கொண்டு, எந்த வடிவம், எந்த வரிசை, எவ்வளவு தள்ளி என்று பட்டியல் கொடுக்கும். இந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். அதனுடன் வரும் 'ஹெச்பி-ஷேப்' என்ற சிறு கருவியில் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன். பட்டியலில் கொம்பு ம-வுக்கு முன்னால் வந்து நின்றது. 'ரூ' ஒரே வடிவமாக வந்தது.

சும்மா இருக்கமுடியாமல் அதன் மூல நிரலையும் இறக்கிப் பார்த்தேன். இந்திய எழுத்துகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. அதற்குள் தேவநாகரி, வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒரியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி. தமிழ் வரியில் எழுதியிருக்கும் எண் பதினாறடிமானத்தில் பூஜ்யம் பி சி டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3021. நம் புள்ளி! எங்கேயோ இருக்கிற ஒருவர் நம் புள்ளிக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார், அதை உத்திரமேரூரில் உட்கார்ந்து நான் திறந்து படிக்கிறேன். திறந்த மூலம் என்று தேர்வில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இதே ஹார்ஃப்பஸ்தான் வேலை செய்கிறது.

வரைவதற்குக் கெய்ரோ எடுத்தேன். எகிப்துத் தலைநகர் அல்ல, கீத் பேக்கர்டும் கார்ல் வொர்த்தும் 2003-ல் ஆரம்பித்த இருபரிமாண லைப்ரரி. இதில் ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை. 'ஷோ டெக்ஸ்ட்' என்று நேரடியாக எழுதினால் மறுபடியும் 'உத்திரமரே'தான். அதன் கையேட்டிலேயே அந்த வசதிக்குப் 'பொம்மை' என்றுதான் பெயர். அதை விட்டுவிட்டுப் பாங்கோ என்ற லைப்ரரியைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், ஜப்பானியத்தில் 'கோ' என்றால் மொழி. பாங்கோ உள்ளே ஹார்ஃப்பஸ்ஸைக் கூப்பிட்டு, வரி மடிப்பதையும் தானே பார்த்துக்கொண்டு, கெய்ரோவிடம் வரையக் கொடுக்கும். நாற்பது வரிக்குள் என் சீட்டு முடிந்தது.

கெய்ரோவில் எனக்கு மிகவும் பிடித்தது அது நேராகப் பிடிஎஃப் எழுதுவது. வேர்டு ஃபைல் கொண்டுபோனால் கடைக் கணிப்பொறியில் அந்த எழுத்துரு இருக்காது, தமிழ் சிதறும். நாம் எல்லோரும் ரெக்கார்டு நோட்டு அட்டைக்கு அனுபவப்பட்டவர்களே. கெய்ரோ எழுதும் பிடிஎஃப்-இல் தேவையான எழுத்து வடிவங்கள் உள்ளேயே பதிந்து போய்விடும். பெரிதாக்கி அச்சடித்தாலும் ஓரம் பிசிறாது. குறை என்றால் வேகம். பந்து உருளும் விளையாட்டெல்லாம் இதில் செய்யாதீர்கள்.

விளையாட்டு செய்பவர்களுக்கு எஸ்டிஎல் உண்டு. சாம் லான்டிங்கா 1998-ல் கொடுத்தது. எழுத்துக்கு எஸ்டிஎல்-டிடிஎஃப் என்ற துணை லைப்ரரி. அதை ஹார்ஃப்பஸ் சேர்த்துக் கட்டியிருந்தால் தமிழ் வரும், சேர்க்காமல் கட்டியிருந்தால் வராது. ஒரே நிரல் ஒரு கணிப்பொறியில் 'மேரூர்', இன்னொன்றில் 'மரேூர்' காட்டினால் பேய் என்று நினைக்காதீர்கள், அதுதான் காரணம்.

அந்த அண்ணா சொன்ன ஸ்கியா? கூகுள் 2005-ல் வாங்கி, 2008-ல் திறந்துவிட்டது. குரோமும் ஆண்ட்ராய்டும் வரைவது இதை வைத்துத்தான். வேகம், தரம் இரண்டிலும் கெட்டி. ஆனால் அதன் 'டிரா ஸ்டிரிங்'கும் எண்ணுக்கு ஒரு வடிவம்தான் போடும், ஷேப்பிங் தனி மாட்யூல். மேலும் என் 2 ஜிபி லேப்டாப்பில் இதைக் கட்டப் பார்த்தேன், பாதியில் மூச்சு நின்றுவிட்டது. கைக்குட்டைக்குப் பட்டுத் தறி கட்டின கதை. ஃப்ளட்டர் வழியாகக் கைபேசிச் செயலி செய்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் இந்த வரிசையில் வந்த லைப்ரரிகளைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கவலை இல்லை.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை, வைவாவில் கேட்பார்கள். ரேலிப், எஸ்டிஎல் இரண்டும் இசட்லிப் உரிமம், ஸ்கியா பிஎஸ்டி, மேசாவும் ஹார்ஃப்பஸ்ஸும் எம்ஐடி வகை. எடுத்து எதிலும் சேர்த்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் அழிக்கக்கூடாது. பாங்கோ எல்ஜிபிஎல். கெய்ரோவையும் அந்த உரிமத்தில் எடுத்துக்கொள்ளலாம். லைப்ரரியையே மாற்றி வெளியே கொடுத்தால் மாற்றத்தையும் கொடுக்க வேண்டும். நம் சொந்த நிரலை அல்ல.

ஆக, என் தீர்ப்பு கேட்டால், கற்றுக்கொள்ள ரேலிப், தாளில் தமிழ் வேண்டுமென்றால் பாங்கோவும் கெய்ரோவும். வேகத்தை அளந்து சண்டை போடும் நண்பர்கள் முதலில் தங்கள் பாட்டி பெயரை அதில் எழுதிப் பார்க்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு 14 சீட்டும் ஒரே ஏ4 தாளில் அடங்கின. நறுக்கிக் கொண்டுபோனேன். ஆயா விரலை வைத்தார். 'கோ'-வில் ஒரு நிமிஷம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். பெயர் முடிந்து தொகைக்கு வந்தார். மறுபடியும் நின்றார். "ஆடி மாசம் அம்பது கட்டினேனே, அது எங்கடி?" என்றார். நோட்டைப் புரட்டினோம். கட்டியிருந்தார். நான் ஏற்றும்போது விட்டிருந்தேன். திருத்தி, மறுநாள் புதுச் சீட்டு கொடுத்த பிறகுதான் கையெழுத்து.

நிரலை லேபில் ஜன்னலோரக் கடைசிக் கணிப்பொறியில் 'சீட்டு' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பாங்கோ, கெய்ரோ இரண்டும் அதில் ஏற்றியாகிவிட்டது. இன்னும் ஒரு வேலை பாக்கி. பெயருக்கு முன்னால் ஆங்கில இனிஷியல் போட்டால் அது வேறு எழுத்துருவில், அளவு பெரிதாக வந்து நிற்கிறது. யாராவது சரிசெய்தால் எனக்கும் சொல்லுங்கள், குழுவில் ஐந்து பேருக்கு இனிஷியல் இருக்கிறது.